நெட் ஸ்லோ இல்லை மாமா... முறை வரலை!

ஆடித்தபசு நெருங்கிவிட்டால் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடம் இருக்காது. சங்கரநாராயணர் கோயிலுக்கு வருகிற கூட்டம், அப்படியே ஜவுளிக்கடைப் பக்கமும் ஒரு எட்டு போய்விட்டுத்தான் பஸ் ஏறும். விசைத்தறி ஊர் இல்லையா, சேலை வாங்காமல் போனால் எப்படி?

இந்த ஊரில் ஒரு சேலைக்கடை அண்ணாச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை அப்பா காலத்துக் கடை. வெப்சைட் மட்டும் புதுசு. சென்னையில் ஐ.டி வேலையில் இருக்கும் அக்கா மகன் போன வருஷம் செய்து கொடுத்தது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, 'மயில் கழுத்து கலர்ல இருக்கா' என்று வருகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி விற்ற காலம் முடிந்துவிட்டது. தாராவியில் இருக்கும் திருநெல்வேலிக்காரர்களும், சிங்கப்பூரில் இருக்கும் மதினிமார்களும் இப்போது நேராக வெப்சைட்டிலேயே பார்த்து வாங்குகிறார்கள்.

ஆடித் தள்ளுபடி. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி. வெப்சைட்டைத் திறந்தால் அந்தச் சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு அம்மாவுக்கு அக்கவுன்ட்டில் இருந்து பணம் போய்விட்டது. ஆர்டர் உறுதியான தகவல் வரவில்லை. போனில் அழாத குறை. "பணம் போயிட்டு, சேலை எங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சி முதலில் கூப்பிட்டது ஃபைபர் கனெக்‌ஷன் போட்ட தம்பியை. "ஏ தம்பி, சாயங்காலத்துல இருந்து நெட்டு இழுத்துக்கிட்டே கெடக்கு, என்னன்னு பாரு." தம்பி வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினான். 100 எம்பிபிஎஸ், குறைவில்லாமல். "நம்ம லைன் சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

அடுத்து மருமகனுக்கு போன். அவன் சர்வருக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் இந்த வாரக் கதை. "நெட் ஸ்லோ இல்லை மாமா. நம்ம மெஷினுக்கு முறை வரலை."

ஒரே மெஷின், பல குடித்தனம்

அண்ணாச்சியின் வெப்சைட் ஓடுவது சென்னையில் உள்ள ஒரு டேட்டா சென்டரில். அங்கே அவருக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. மாசம் சில நூறு ரூபாய்க்குத் தனி கம்ப்யூட்டர் யார் கொடுப்பார்கள்? ஒரு பெரிய கம்ப்யூட்டரை மென்பொருளால் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒருவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். துண்டுக்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின். தமிழில் மெய்நிகர் கணினி. உள்ளே இருப்பவருக்கு அது முழு கம்ப்யூட்டர் மாதிரியே தெரியும். மெமரி உண்டு, டிஸ்க் உண்டு, நெட்வொர்க் கார்டு உண்டு, பிராசஸரும் உண்டு.

மெமரியையும் டிஸ்க்கையும் பெரும்பாலும் அளந்து பங்கு போட்டுவிடலாம். சிக்கல் பிராசஸரில். வாடகைக்கு எடுத்தவருக்குக் கிடைப்பது 'விசிபியு', அதாவது மெய்நிகர் பிராசஸர். நிஜ பிராசஸர் நாள் முழுக்க எல்லோருக்கும் தேவைப்படாது என்ற நம்பிக்கையில், இருக்கிற பிராசஸர்களைவிட அதிகமான விசிபியுக்களை விற்பார்கள். இது ஏமாற்று இல்லை, தொழிலின் வழக்கமான கணக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை கேட்காதவரை எந்தத் தொந்தரவும் இல்லை. ஆடித் தள்ளுபடி அண்ணாச்சிக்கு மட்டுமா வருகிறது? பக்கத்துத் துண்டில் நகைக்கடை இருந்தால்?

சரி, பிராசஸர் கிடைக்காவிட்டால் கணக்குப் போடுவதுதானே தாமதமாகும், நெட்வொர்க் ஏன் படுக்க வேண்டும்? இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பூ மார்க்கெட் கணக்குப்பிள்ளை

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். வேனில் மல்லிகை மூட்டை வருகிறது. வேன் எவ்வளவு வேகமாக வந்தாலும் சரி, மூட்டையை எடை போட்டு, நோட்டில் பெயர் எழுதி, உள்ளே தள்ள ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். அவர் கை வைக்காமல் ஒரு மூட்டையும் உள்ளே போகாது.

நெட்வொர்க்கும் அப்படியே. தகவல் முழுசாக வருவதில்லை. 'பாக்கெட்' என்ற சின்னச் சின்ன மூட்டைகளாக வருகிறது. ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்த்து, யாருக்கு என்று கண்டுபிடித்து, வெப்சைட் மென்பொருளிடம் கொடுக்க பிராசஸர் வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் இந்த வேலை இரட்டிப்பு. பெரிய கம்ப்யூட்டர் முதலில் பாக்கெட்டை வாங்கி எந்தத் துண்டுக்கு என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தத் துண்டின் விசிபியு அதை எடுக்க வேண்டும். மார்க்கெட் வாசலில் ஒருவர், கடைக்குள் ஒருவர். இரண்டு பேருக்கும் நேரம் கிடைத்தால்தான் மூட்டை நகரும்.

வேலை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. நொடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள ஒரு இணைப்பு நிறைந்து ஓடினால், வழக்கமான 1,500 பைட் பாக்கெட்டுகளாக நொடிக்கு 8 லட்சத்துக்கும் மேல் வந்து விழும். எல்லாமே மிகச் சிறிய பாக்கெட்டுகள் என்றால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம். அப்போது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோ செகண்ட். 3 ஜிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது சுமார் 200 துடிப்புதான்! கணக்குப்பிள்ளை தலையைச் சொறியக்கூட நேரமில்லை.

இப்போது அந்தக் கணக்குப்பிள்ளை நான்கு கமிஷன் கடைகளுக்குப் பொது என்றால் என்ன ஆகும்? ஒரு கடையில் கொஞ்ச நேரம், அடுத்த கடையில் கொஞ்ச நேரம். அவர் அடுத்த கடையில் இருக்கும்போது இங்கே வந்த மூட்டைகள் வாசலில் குவியும். வாசல் நிறைந்தால்? இறக்க இடமில்லை.

கம்ப்யூட்டரில் அந்த வாசலுக்கு அளவு உண்டு. விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டுகள் பலவற்றில் ஒரு வரிசைக்கு 256 இடம் என்பது சாதாரணமாக இருக்கும் அமைப்பு. ஸென் என்ற பிரபலமான மெய்நிகர் மென்பொருளின் பழைய முறையில், ஒரு மெஷினுக்கு ஒரு தடவை தரப்படும் முறை 30 மில்லி செகண்ட். நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் பாக்கெட்டுகள் வந்தால் அந்த 30 மில்லி செகண்டில் சுமார் 2,400 சேர்ந்துவிடும். வாசலில் இடம் 256. மிச்சத்துக்கு வேறு எங்காவது இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் தூக்கி எறியப்படும்.

எறியப்பட்டதைவிட மோசம் அதற்கு அப்புறம் நடப்பது. இன்டர்நெட்டில் தகவலை அனுப்பும் டிசிபி என்ற முறைக்கு, பாக்கெட் தொலைந்தால் ஒரே அர்த்தம்தான் தெரியும்: 'ரோட்டில் நெரிசல்.' உடனே அனுப்பும் வேகத்தைக் குறைக்கும். பாதியாகவே குறைப்பது பழைய வழக்கம். ரோடு காலியாகத்தான் இருக்கிறது, கணக்குப்பிள்ளைதான் ஆளில்லை என்பது பாவம், அதற்கு எப்படித் தெரியும்?

30 மில்லி செகண்ட் என்பது கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு, இதற்கா இத்தனை அமர்க்களம் என்று தோன்றலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சங்கரன்கோவிலில் இருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். போக 3 மில்லி செகண்ட், வர 3. கேபிள் சுற்றி வளைத்துப் போவதையும் வழியில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, சென்னைக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்கு ஒளி எடுக்கும் நேரத்தைவிட, சென்னையில் அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு முறைக்காகக் காத்திருக்கும் நேரம் ஐந்து மடங்கு! ஒரு பக்கம் திறக்க இப்படிப் போய் வருவது ஒரு தடவை இல்லை. ஹலோ சொல்ல ஒரு தடவை, பூட்டுச் சாவி மாற்ற ஒரு தடவை, போட்டோ கேட்க, விலை கேட்க, பணம் கட்ட... ஒவ்வொன்றுக்கும் முறை வர வேண்டும்.

அமேசானிலேயே நடந்த கதை

இது தியரி இல்லை. அமேசான் நிறுவனம் இசி2 என்ற பெயரில் விர்ச்சுவல் மெஷின்களை 2006-ல் வாடகைக்கு விடத் தொடங்கியது. உள்ளே இருந்தது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த அதே ஸென் மென்பொருள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவோஹுய் வாங், யூஜின் இங் இருவரும் அதில் மெஷின்களை வாடகைக்கு எடுத்து அளந்து பார்த்து, 2010-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

விலை குறைந்த சின்ன மெஷின்களுக்குப் பிராசஸரில் கிடைத்த பங்கு 40 முதல் 50 சதவிகிதம்தான். அதன் விளைவு நெட்வொர்க்கில் தெரிந்தது. சில பத்து மில்லி செகண்ட் இடைவெளியில் பார்த்தால், வேகம் நொடிக்கு 1 ஜிகாபிட் வரை போகிறது. அடுத்த நொடிப்பொழுதில் சுத்தமாகப் பூஜ்யம். மறுபடி 1 ஜிகாபிட். பிராசஸர் கையில் இருக்கும்போது முழு வேகம், கையை விட்டுப் போனதும் ஒன்றுமில்லை. இத்தனைக்கும் அந்த டேட்டா சென்டரின் நெட்வொர்க்கில் பெரிய நெரிசலே இல்லை என்பதுதான் கட்டுரையின் முக்கியமான விஷயம்.

சராசரி மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு நிமிட சராசரி எடுத்தால் 'நல்லாத்தானே ஓடுது' என்றுதான் காட்டும். அண்ணாச்சி கடைக்கு வந்த அந்த அம்மாவின் பணம் சராசரியில் மாட்டவில்லை. பூஜ்யம் ஆன அந்த இடைவெளிகளில் மாட்டிக்கொண்டது.

சிக்கல் தெரிந்த பிறகு பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. வாசலில் நிற்கும் ஆளின் வேலையைப் பிராசஸரிடம் இருந்து பிடுங்கித் தனி கார்டிடம் கொடுத்துவிட்டார்கள். 2015-ல் அன்னபூர்ணா லேப்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்தை அமேசான் வாங்கியதும், 2017-ல் 'நைட்ரோ' என்ற ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியதும் இந்த வழியில்தான். (இஸ்ரேல் கம்பெனிக்கு அன்னபூர்ணா எப்படி வந்தாள் என்றால், அது இமயமலைச் சிகரத்தின் பெயர்.) அப்படியும் கடைக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளையின் வேலை தீர்ந்துவிடாது. கூகுள் கிளவுடில் பல மெஷின் வகைகளுக்கு, விசிபியு ஒன்றுக்கு நொடிக்கு 2 ஜிகாபிட் என்று கணக்கு வைத்துத்தான் வெளியே அனுப்பும் வேகத்தின் உச்ச வரம்பையே வைத்தார்கள். நெட்வொர்க் வேகம் வேண்டுமா, பிராசஸர் வாங்கு!

நான்கு வாங்கினால் நாலு மடங்கா?

அண்ணாச்சி வியாபாரி. உடனே கணக்குப் போட்டுவிட்டார். "அப்போ ஒண்ணுக்குப் பதிலா நாலு பிராசஸர் போட்ருவோம் மாப்ள. ரூவா போனாப் போவுது."

மருமகன் தடுத்தான். அவன் தடுத்தது சரிதான், இரண்டு காரணங்களுக்காக.

நான்கு கணக்குப்பிள்ளைகள் வந்தாலும், வருகிற மூட்டை எல்லாவற்றையும் முதல் ஆள் மேஜையிலேயே இறக்கினால் என்ன பயன்? பழைய முறையில் விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டுக்கு ஒரே வரிசைதான். அது ஒரே விசிபியுவைத்தான் போய்த் தட்டும். அது 100 சதவிகிதத்தில் மூச்சு முட்டும். மற்ற மூன்றும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பல வரிசைகளாகப் பிரிக்கும் வசதி லினக்ஸில் 2013-ல் வந்துவிட்டது. ஆனால், மெஷினைக் கொடுப்பவரும் அதை அனுமதித்திருக்க வேண்டும், உள்ளேயும் அது இயங்க வேண்டும். பல இடங்களில் யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. ஒரு மெஷினின் நான்கு விசிபியுக்களும் ஒரே கம்ப்யூட்டரின் உறுப்புகள். ஒன்று ஓடி இன்னொன்று நின்றால் உள்ளே இருக்கும் மென்பொருள் குழம்பும். அதனால், விஎம்வேர் நிறுவனத்தின் ஆரம்பகால ஈஎஸ்எக்ஸ் மென்பொருளில் ஒரு மெஷினின் விசிபியுக்களை எல்லாம் ஒன்றாகத்தான் ஓட்டுவார்கள். அத்தனை நிஜ பிராசஸர்கள் ஒரே நேரத்தில் சும்மா இருந்தால்தான் அந்த மெஷினுக்கு முறை வரும். குற்றாலம் சீசனில் பஸ்ஸில் நாலு சீட் சேர்ந்தாற்போல்தான் வேண்டும் என்று நிற்கிற குடும்பம் மாதிரி. தனியாளுக்குப் பஸ் கிடைத்துப் போய்க்கொண்டே இருப்பார். பிறகு இந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும், நெருக்கடியான மெஷினில் தேவைக்கு மேல் விசிபியு வைத்திருப்பவர் அதிகம் காத்திருப்பார் என்பது மாறவில்லை. நான்கை இரண்டாகக் குறைத்ததும் வேகம் கூடியது என்று சர்வர் பார்க்கிறவர்கள் சொன்னால், அது புருடா இல்லை.

சொந்தமாக சர்வர் வைத்து அதில் விர்ச்சுவல் மெஷின்கள் ஓட்டும் கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், மில்கள் எல்லாம் செய்யும் தவறு வேறு. இருக்கிற பிராசஸர் அத்தனையையும் மெஷின்களுக்கே பங்கு போட்டுவிடுவார்கள். வாசல் ஆளுக்கு என்று ஒன்றிரண்டை ஒதுக்கி வைக்க மறந்துவிடுவார்கள். அப்புறம் நெட்வொர்க் கார்டை மாற்று, ஸ்விட்சை மாற்று என்று செலவு மேல் செலவு.

'எஸ்டி' என்ற இரண்டு எழுத்து

மருமகன் எப்படிக் கண்டுபிடித்தான்? லினக்ஸ் சர்வரில் 'டாப்' என்று தட்டினால் பிராசஸர் என்ன செய்கிறது என்று ஒரு பட்டியல் ஓடும். மேலே ஒரு வரியின் கடைசியில் 'எஸ்டி' என்ற இரண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு எண். எஸ்டி என்றால் 'ஸ்டீல்'. அதாவது திருட்டு. 'எனக்கு வேலை இருந்தது, பிராசஸரைக் கேட்டேன், ஆனால் வேறு யாருக்கோ போய்விட்டது' என்று மெஷின் சொல்லும் நேரத்தின் சதவிகிதம். இது சில மெய்நிகர் மென்பொருள்களில்தான் உள்ளிருந்து தெரியும். விஎம்வேரில் இதை வெளியே இருந்து 'ரெடி டைம்' என்ற பெயரில் பார்க்க வேண்டும். ஒரு விசிபியுவுக்கு 5 சதவிகிதத்தைத் தாண்டினால் கவனி, 10-ஐத் தாண்டினால் கவலைப்படு என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் பழக்கக் கணக்கு.

எஸ்டி எகிறினால் பக்கத்துத் துண்டுக்காரர்தான் காரணம் என்று திட்டவும் முடியாது. விலை குறைந்த சில பிளான்களில் நிறுவனமே அளந்துதான் கொடுக்கும். அமேசானின் டி2 மைக்ரோ மெஷினில் நிரந்தரமாகக் கிடைப்பது ஒரு பிராசஸரின் 10 சதவிகிதம்தான். சும்மா இருக்கும் நேரத்தில் மணிக்கு 6 கிரெடிட் சேரும். ஒரு கிரெடிட் என்பது ஒரு நிமிட முழு வேகம். ராத்திரியெல்லாம் சேர்த்த உண்டியலை, கூட்டம் வரும்போது உடைத்துச் செலவு பண்ணலாம். உண்டியல் காலியானால் பழையபடி 10 சதவிகிதம். தினசரி நாலு பேர் வருகிற வெப்சைட்டுக்கு இது அருமையான பிளான். தள்ளுபடி ராத்திரிக்கு இல்லை. பிளான் அட்டையில் 'இத்தனை ஜிகாபிட் நெட்வொர்க்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பிராசஸர் பங்கு பொதுவா, தனியா என்பது சின்ன எழுத்தில் இருக்கும். சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

இதே தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் 2011-லேயே அலுவலகம் திறந்த ஸோஹோ, இந்திய வாடிக்கையாளர்களுக்காகச் சென்னையிலும் மும்பையிலும் டேட்டா சென்டர் வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு வளர்ந்தால் பிராசஸர் நமது, பங்கும் நமது. ஒரு சேலைக்கடைக்கு அதெல்லாம் தேவையில்லை. மருமகன் செய்தது சின்ன வேலைதான். நான்கு விசிபியு பொது பிளானை விட்டுவிட்டு, இரண்டே விசிபியு, ஆனால் தனக்கென்று ஒதுக்கிய பிளானுக்கு மாற்றினான். நெட்வொர்க் வரிசை ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினான். அண்ணாச்சியின் மகள் கேமராவில் இருந்து அப்படியே ஏற்றியிருந்த மெகா சைஸ் சேலை போட்டோக்களையும் சுருக்கினான். அது பிராசஸர் பாவம் இல்லை, வீட்டுப் பாவம்.

பணம் போன அந்த அம்மாவுக்கு மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி போன் போட்டு, சேலையை கூரியரில் போட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி. மாமா இங்கே கடையில், மருமகன் அங்கே சென்னையில், ஸ்பீக்கர் போனில்.

"அந்தத் திருட்டு எவ்வளவுல நிக்கி மாப்ள?"

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல மாமா. ஆர்டர் பன்னெண்டு வந்துட்டு."

"அப்போ அந்த மயில் கழுத்து கலரைத் தூக்கி முதல்ல போடு. அதைத்தான் எல்லாரும் கேக்காங்க."